நாரைக்கு இரண்டு குரல்

ஜனவரி 20

தினமும் கொஞ்சம் எழுதினால் மனம் லேசாகும் என்று ஷர்மிளா சொன்னாள். எனக்குக் குரல் பயிற்சி தரும் பெண் அவள். மனம் கனமாக இருப்பதாக நான் அவளிடம் சொன்னதே இல்லை. இருந்தாலும் எழுதிப் பார்க்கிறேன். செலவில்லாத மருந்து.

நவம்பரில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை. ஆனால் இடது குரல்நாணுக்குப் போகும் நரம்பு சோர்ந்துவிட்டது. ஒரு நாண் அசைகிறது, இன்னொன்று சும்மா நிற்கிறது. நான் பேசினால் பாதி காற்றாக வருகிறது, மீதி கரகரப்பாக வருகிறது, வாக்கியத்தின் நடுவில் உடைந்து நின்றுபோகிறது. சில மாதங்களில் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்கிறார்கள். கிசுகிசுக்கக் கூடாதாம். கிசுகிசுப்புதான் நாண்களுக்கு அதிகக் கெடுதல் என்பது எனக்குப் புதிய செய்தி.

கல்லூரி முதல்வர் போன் செய்தார். நான் பேச வேண்டியிருக்கவில்லை, அவரே பேசினார். ஜூனிலிருந்து வகுப்பை விட்டுவிட்டுத் தேர்வு அலுவலகத்துக்கு மாறிக்கொள்ளலாம், அங்கே தொண்டைக்கு வேலை இல்லை என்றார். மே கடைசிக்குள் சொன்னால் போதும். அன்பான மனிதர். இருபது வருடத்துக்கு மேல் ஐரோப்பிய வரலாறு நடத்தியாயிற்று, இனி யாராவது நடத்தட்டும். நியாயமான யோசனைதான்.

ஃப்ரிட்ஜைத் துடைத்தேன்.

ஜனவரி 27

இத்ரீஸ் வந்தான். பழைய மாணவன். என் வகுப்பில் சார்லமேனையும் ஜஸ்டினியனையும் மாற்றி எழுதியவன். இப்போது சாலிகிராமத்தில் டப்பிங் இயக்குநர். அயர்லாந்தில் கையால் வரைந்து எடுத்த ஒரு அனிமேஷன் படம், பழைய ஐரிஷ் புராணம், தமிழில் வருகிறது, வசனம் எழுத வேண்டும் என்றான். "மேடம், பெயரெல்லாம் வாயிலயே நுழையல. அந்த டைரக்டரம்மா பெயரை நான் சியோபான், சியோபான்னு ஒரு வாரமா கூப்பிட்டுட்டு இருந்தேன். ஷிவானாம். அந்த அம்மா ஒண்ணும் சொல்லல, சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு."

நான் அனிமேஷன் படம் பார்ப்பதில்லை என்று போனில் தட்டிக் காட்டினேன். அதனால்தான் உங்களிடம் வந்தேன் என்றான். இதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை.

என் கணவர் ஞானதுரை அவனுக்கு டீ போட்டுக் கொடுத்து, என் சார்பாக ஒத்துக்கொண்டுவிட்டார். அறுவைசிகிச்சைக்குப் பிறகு வீட்டில் இரண்டு பேருக்குமாக அவரே பேசுகிறார். எனக்கு அடுத்த வாக்கியம் என்னவென்று தெரிந்ததுபோல் பேசுகிறார். பெரும்பாலும் தவறு.

பிப்ரவரி 3

படத்தைப் பார்த்தேன். எதிர்பார்த்ததைவிட மோசமில்லை.

ப்ரோனா என்ற சிறுமியின் அக்காவைக் கடல் கொண்டுபோகிறது. அக்காவை மீட்க அவள் கடலரசன் மனனானின் வீட்டைத் தேடிப் போகிறாள். வழிகாட்டுவது ஒரு நாரை. அந்த நாரை ஒரு காலத்தில் ஐஃபா என்ற பெண். பொறாமைக்காரி ஒருத்தி சபித்து நாரையாக்கிவிட்டாள். இருநூறு வருடமாக யாரிடமும் பேசாமல் கடலோரத்தில் நிற்கிறது. மூலக்கதையில் அந்த நாரை செத்துப்போகிறது, அதன் தோலில் மனனான் பை தைத்து வைத்துக்கொள்கிறான். படத்தில் அதைக் காணோம். குழந்தைகளுக்கு நல்லது. எனக்கு ஏமாற்றம்.

ஆனால் ஓவியத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன் ஐரிஷ் துறவிகள் கன்றுத்தோலில் எழுதிய வேத நூல்களின் பக்கங்களைப்போலவே ஒவ்வொரு காட்சியும் இருக்கிறது. ஆழமே கிடையாது. எல்லாம் தட்டை. அலைகள் சுருள் சுருளாக நிற்கின்றன, மேகங்களும் அப்படியே. குதிரைக்கு நான்கு காலும் ஒரே கோட்டில். செந்தூரச் சிவப்பு, செம்புக் களிம்பின் பச்சை. சட்டத்துக்குள் படம் இருக்க, சட்டத்திலிருந்து ஒரு பூனை இறங்கி உள்ளே வந்து எலி பிடித்துவிட்டுத் திரும்பிப் போய் வரைகோடாகிவிடுகிறது. நாரையின் கழுத்து தன்னையே சுற்றி முடிச்சு போட்டுக்கொண்டிருக்கிறது. மேலே, கீழே, மேலே, கீழே என்று அந்த இழை எங்கும் தவறுவதில்லை. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூட ஏமாற்றவில்லை.

பிப்ரவரி 11

வேலை நான் நினைத்ததுபோல் இல்லை. நான் எழுதியது நல்ல தமிழ். இத்ரீஸ் படித்துப் பார்த்து, "அழகா இருக்கு மேடம், ஆனா வாய் ஒட்டல" என்றான். படத்தில் வாய் மூடும் இடத்தில் தமிழிலும் ப, ம வர வேண்டும். வாய் திறந்திருக்கும்போது 'அம்மா' என்றால் பார்ப்பவன் சிரிப்பான். ஐந்து பக்கத்தையும் திரும்ப எழுதினேன்.

நாரைக்கு மட்டும் அந்தத் தொல்லை இல்லை. பறவைக்கு உதடு கிடையாது.

பிப்ரவரி 24

குரல் கொடுப்பவர்கள் வருவதற்கு முன், எழுதியது படத்தின் நீளத்துக்குச் சரியாக இருக்கிறதா என்று பார்க்க யாராவது ஒருவர் எல்லா வசனத்தையும் வாசித்துப் பதிவு செய்கிறார்கள். இத்ரீஸே வாசித்தான். சிறுமி, கடலரசன், மூன்று மீனவர்கள், எல்லாம் அவன்தான். நாரையையும் வாசித்தான், கட்சிக் கூட்டத்தில் பேசுவதுபோல. மூன்று முறை சொல்லியும் நிறுத்தங்களை விழுங்கினான். எனக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடி அறைக்குள் போய் மைக்கின் முன் உட்கார்ந்து நானே வாசித்தேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று காட்டுவதற்காகத்தான்.

வீட்டுக்கு வந்து ஆவி பிடித்தேன். ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு 'ஊ' என்று ஊதும் பயிற்சி. ஞானதுரை எட்டிப் பார்த்து, "பத்து ரூபாய்க்கு ஜிகர்தண்டா வாங்கின சின்னப்பிள்ளை மாதிரி இருக்க" என்றார்.

மார்ச் 4

நாரைக்குக் குரல் தருபவர் பாமினி. யாழ்ப்பாணத்திலிருந்து சிறுவயதில் வந்தவர். முப்பது வருடமாக நாயகிகளுக்கும் பிறகு நாயகிகளின் அம்மாக்களுக்கும் பேசுகிறார். கருப்புக் கண்ணாடியோடு வந்து, ஒரு தடவை படித்துப் பார்த்து, ஒரே மூச்சில் முதல் பகுதி முழுவதையும் முடித்தார். குரல் தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். நாரை மாதிரி இல்லை. ஆனால் அதை யார் கேட்டார்கள்.

மார்ச் 13

ஒரு குளறுபடி. அயர்லாந்துக்கு ஒப்புதலுக்காக அனுப்பும் கோப்பில் நாரையின் டிராக்கில் பாமினியின் குரலுக்குப் பதிலாக நான் அளவுக்காக வாசித்தது போய்விட்டது. இத்ரீஸ் பழையதை அணைக்க மறந்துவிட்டான். ஷிவான் பதில் எழுதியிருக்கிறார்: இருநூறு வருடம் யாரிடமும் பேசாத பறவை இப்படித்தான் பேசும், இந்த நடிகை யார், இவரே முழுப் படமும் பேச வேண்டும்.

எனக்குக் கோபம். நான் நடிக்கவில்லை. அது ஒரு நரம்பு வேலை செய்யாததன் சத்தம். அதை ஒருவர் கேட்டு ரசித்தார் என்றால், நொண்டி நடப்பதை நாட்டியம் என்பது மாதிரி. இத்ரீஸுக்கு நீளமாகத் தட்டி அனுப்பினேன். "ஸாரி மேடம்" என்று ஒரே பதில். அதற்குக் கீழே கைகூப்பும் படம் ஐந்து.

மார்ச் 15

பாமினி போன் செய்தார். பேச முடியாதவளுக்குப் போன் செய்வது வசதிதான், குறுக்கே பேச மாட்டாள். தன்னுடைய பதிவை ஒதுக்கியது இதுவரை நடந்ததில்லை என்றார். "நான் அழச் சொன்னா அழுவன், சாகச் சொன்னா சாவன். எல்லாம் மூண்டு டேக்கில. இப்ப ஒரு புரொஃபஸரின்ர தொண்டைக்கட்டு எனக்குப் போட்டியோ?" பிறகு, "உங்களை ஒண்டும் சொல்லேல்ல" என்று வைத்துவிட்டார்.

முழுவதும் என்னைத்தான் சொன்னார்.

மார்ச் 19

ஷர்மிளாவிடம் கேட்டேன். கூடாது என்று சொல்வாள் என்றுதான் கேட்டேன். குறைந்த நேரம், நடுநடுவே தண்ணீர், இயல்பாக வருவது மட்டும், அழுத்தவே கூடாது, அப்படியானால் தாராளமாகப் பேசலாம் என்றாள். இரண்டாவது முறையும் கேட்டேன். அதையே சொன்னாள்.

எழுதிய வசனம் வீணாகக் கூடாது. ஒத்துக்கொண்டேன்.

நீலப் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கக் கொடுத்தேன். ரொம்ப நாளாகக் கிடந்தது.

மார்ச் 26

முதல் பகுதி முடிந்தது. 'நான் ஒரு பெண்ணாக இருந்தேன், சிறுமியே' என்ற வரியில் 'இருந்' என்பதோடு குரல் நின்றுவிட்டது. திரையில் அதே கணத்தில் நாரையின் கழுத்து முடிச்சு இறுகுகிறது. தற்செயல்தான். இத்ரீஸ் அந்த டேக்கையே வைத்துக்கொண்டான்.

ஏப்ரல் 9

ஒரு வாரப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்து, இந்த ஐரிஷ் முடிச்சுகளெல்லாம் நம் கோலம்தானே மேடம் என்று கேட்டாள். இல்லை என்று எழுதிக் காட்டினேன். கோலத்தில் கோடு கோட்டை வெட்டிக்கொண்டு போகும், மாவுக்கு மேல் கீழ் கிடையாது. இதில் ஒவ்வொரு இழையும் அடுத்ததன் அடியில் நுழைந்து எழ வேண்டும், ஓர் இடத்தில் தவறினால் முழுப் பக்கமும் பொய். அவள் பணிவாகப் படித்துவிட்டு, "ஆனா பார்க்க அப்படித்தான் இருக்கு" என்றாள். கட்டுரைத் தலைப்பு கோலத்தில்தான் வரும்.

இரண்டாவது, மூன்றாவது பகுதிகள் முடிந்தன. பதிவுக்குப் போகும் நாட்களில் வழியெல்லாம் வசனம் மனதில் ஓடுகிறது. வகுப்புக்குப் போகும்போதும் முன்பு இப்படி ஓடும்.

ஏப்ரல் 21

ஈஸ்டர் முடிந்தது. ஆலயத்தில் பாட்டு எழுந்தபோது நானும் வாய் அசைத்தேன்.

மே 5

காலை பால் பொங்கியது. "ஏங்க, அடுப்பை அணைங்க" என்றேன். ஞானதுரை பால்கனியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து அணைத்தார். பிறகு அடுப்பின் முன்னாலேயே நின்றார். நான் கையில் துணியோடு நின்றேன். சமையலறைக்கும் பால்கனிக்கும் நடுவில் ஹால் இருக்கிறது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

அவர் திரும்பிப் போய்ப் பேப்பரை விரித்தார். தலைகீழாக.

மே 8

ஷர்மிளா தொண்டைக்குள் கேமராவை விட்டுப் பார்த்துவிட்டு, மருத்துவரையும் கூப்பிட்டுக் காட்டினாள். இடது நாண் அசைகிறது. கொஞ்சம்தான். திரையில் இரண்டும் நடுங்கி ஒன்றை ஒன்று தொட்டுத் தொட்டு விலகின. இன்னும் நாளாகும், முழுசாக வருமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார் மருத்துவர். சரி என்றேன். எதையும் முன்கூட்டி நம்புவது என் வழக்கமில்லை.

வரும் வழியில் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசினேன். தேவையே இல்லை, அவர் சரியாகத்தான் கேட்டார்.

மே 14

கடைசிப் பகுதிப் பதிவு. கடல் உள்வாங்கும் காட்சி, நாரை ப்ரோனாவிடம் விடைபெறுகிறது. படத்தின் இதயமே அதுதான். வாசித்தேன். முடித்ததும் இத்ரீஸ், "மைக்ல ஏதோ பிரச்சினை மேடம், இன்னொரு தடவை" என்றான். இன்னொரு தடவை வாசித்தேன். மைக்கை மாற்றினான். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

குரல் உடையவில்லை. ஒரு வரி முழுசாகப் போய் முடிந்தது. ஆரம்பப் பகுதிகளோடு சேர்த்துப் போட்டால் வேறு பறவை.

ஷிவான் வீடியோவில் வந்தார். மிகவும் நல்லவிதமாக, முன்புபோல் கொஞ்சம் செய்ய முடியுமா என்று கேட்டார். முடிந்தது. தொண்டையை இறுக்கி, மேலே தூக்கி, காற்றைத் தள்ளினால் பழைய சத்தம் வருகிறது. ஒரு வரி செய்து காட்டினேன். அயர்லாந்தில், கால்வேயில் அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மீதியை வெள்ளிக்கிழமை பதிவு செய்வதாக ஏற்பாடு.

மே 15

காலையில் குரலே இல்லை. காற்று மட்டும் வருகிறது. விழுங்கினால் எரிகிறது.

ஷர்மிளா கோபித்துக்கொண்டாள். இப்படி இன்னும் நாலு தடவை செய்தால் இறுக்கிப் பேசுவதே பழக்கமாகிவிடும், திரும்பி வரும் நரம்புக்கு நாமே குறுக்கே நிற்பதாகும் என்றாள். முழு ஓய்வு.

ஞானதுரை மாலையில் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "ஏட்டி பிரிசி, அந்தப் படம் நல்ல படம். நான் இல்லன்னு சொல்லல. உன் வசனமும் நல்லாயிருக்கு. ஆனா அன்னைக்குப் பால் பொங்கும்போது கூப்பிட்டியே, அந்தச் சத்தம் எனக்குப் போதும். அதைக் கொண்டுபோய் யாருக்கும் குடுத்துட்டு வராதே." சொல்லிவிட்டு, கஞ்சியில் உப்பு போட்டேனா என்று கேட்டார். போடவில்லை.

மே 17

யோசித்தேன். அந்தக் குரலை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. இதை எழுதக் கை தயங்குகிறது. நவம்பரிலிருந்து எல்லோரும் பரிதாபமாகக் கேட்ட ஒன்றைச் சிலர் அழகு என்றார்கள். பால் பொங்கிய காலை இல்லாமல் அது மட்டும் இருந்திருந்தால் இறுக்கிப் பேசியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இத்ரீஸுக்கு எழுதினேன்: என்னால் முடியாது, பாமினியைக் கேள்.

மே 21

பாமினி வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். கருப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, என் பதிவை முதலிலிருந்து போடச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார். திரும்பப் போடச் சொன்னார். பிறகு என்னிடம் கேட்க ஆரம்பித்தார். இந்த இடத்தில் மூச்சு தீர்ந்துபோனதா, நீங்களே நிறுத்தினீர்களா? உடையப்போகிறது என்று முன்னமே தெரியுமா? தெரிந்தால் அதற்கு முந்தின சொல்லை எப்படிச் சொல்வீர்கள்?

நான் யோசித்ததே இல்லை. யோசித்தபோது தெரிந்தது. உடையப்போவது தெரியும். அதற்கு முந்தின சொல்லை அவசரமாக, கொஞ்சம் பொய்யான தைரியத்தோடு சொல்வேன். எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இதை நீங்கள் வீட்டிலயும் ஒருத்தரிட்டயும் சொல்லேல்ல, என்ன?"

தலையாட்டினேன்.

உள்ளே போய்த் தன் தேன்குரலை எங்கோ கழற்றி வைத்துவிட்டுப் பேசினார். மூன்று டேக்கில் வரவில்லை. மாலை வரை ஆயிற்று. நடுவில் ஒருமுறை வெளியே வந்து, "உங்கட தொண்டைக்குப் பத்மஸ்ரீ குடுக்கலாம், எனக்குச் சுகர் ஏறிட்டுது" என்று பிஸ்கட் தின்றார். கடைசி டேக்கில் நாரை விடைபெற்றபோது எனக்கு முதுகு சிலிர்த்தது. என்னைவிட நன்றாக இருந்தது. இது வெறும் மதிப்பீடு, உபசாரம் இல்லை.

மே 29

முதல்வரைப் பார்க்க நேரில் போனேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் கேட்கட்டும் என்று நினைத்தேன். வகுப்பே எடுக்கிறேன் என்றேன். அவர் அறைக் கதவைச் சாத்தி, ஏசியை அணைத்து, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். இன்னொரு முறை சொன்னேன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பேசி முடிவு செய்தோம். பாதி வகுப்புகள், கழுத்தில் மாட்டும் மைக், முதல் மாதம் பார்க்கலாம். நியாயமான ஏற்பாடு.

ஜூன் 7

படத்தை வேலை செய்தவர்களின் குடும்பங்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பிள்ளைகள் சட்டத்திலிருந்து இறங்கும் பூனைக்குக் கைதட்டினார்கள். நான் என் குரல் எங்கே முடிகிறது, பாமினியின் குரல் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், பகுதி எண் வரை தெரியும். நாரையின் கழுத்து ஒவ்வொரு சுற்றாக அவிழத் தொடங்கியதும் பார்க்க மறந்துவிட்டேன்.

வெளியே வந்ததும் பாமினியிடம் கேட்டேன், இணைப்பு எங்கேயும் தெரியவில்லையே என்று. "தெரிஞ்சிருந்தா நான் வீட்டில இருந்து மரக்கறி வெட்டியிருப்பன்" என்றார். பிறகு நான் பேசியதே அப்போதுதான் உறைத்ததுபோல் திரும்பிப் பார்த்து, "ஓ, இதுதான் உங்கட குரலோ? சாதாரணமாத்தான் இருக்கு" என்றார்.

ஜூன் 16

முதல் நாள். மூன்றாம் மணி, இரண்டாம் ஆண்டு. காலையிலிருந்து வாய் வறண்டிருந்தது. மைக்கின் பேட்டரி ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. கழற்றி மேசையில் வைத்தேன். ரோமப் பேரரசு சரிந்த பிறகு ஐரோப்பாவில் புத்தகங்களை யார் காப்பாற்றினார்கள் என்று தொடங்கினேன். குரல் பழைய குரல் இல்லை. விளிம்பில் கொஞ்சம் மணல் இருக்கிறது.

கடைசி வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள். பெயர் இன்னும் தெரியாது.

"மேடம், இங்க கேக்கல."

முன்வரிசையில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரியும் போலிருக்கிறது, அவளை முறைத்தார்கள்.

"அப்படியா?" என்றேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு, அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாகச் சொன்னேன். கடைசிச் சொல்வரை போயிற்று. அவள் குனிந்து எழுதிக்கொண்டாள்.